லேக் யாருடையது, கையுடையதா கம்ப்யூட்டருடையதா? கேமிங் ரியாக்‌ஷன் டைம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் கேமிங் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து கொடுப்பது என் தொழில். கடைக்கு வரும் பையன்களில் பாதிப்பேர் சுற்றி வளைத்துக் கேட்பது ஒரே விஷயம்தான்: "அண்ணா, நான் ஸ்லோவா, இல்ல என் சிஸ்டம் ஸ்லோவா?" பதில் தெரியாமலே இருபதாயிரம், முப்பதாயிரம் செலவு செய்துவிடுகிறார்கள். அதனால் வழக்கமாக வரும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். லேக் என்றால் தாமதம், ரியாக்‌ஷன் டைம் என்றால் ஒன்றைப் பார்த்தோ கேட்டோ கை செயல்பட ஆகும் நேரம். எல்லாக் கணக்கும் மில்லிசெகண்டில் வரும். ஒரு செகண்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு அது. இனிமேல் சுருக்கமாக மி.செ.

சாதாரண மனிதனின் ரியாக்‌ஷன் டைம் எவ்வளவு?

திரையில் நிறம் மாறியதும் பட்டனை அழுத்த வேண்டும் என்ற எளிய சோதனையில், ஆரோக்கியமான இளைஞருக்கு 200 முதல் 250 மி.செ. ஆகும். சத்தம் கேட்டு அழுத்துவதென்றால் இன்னும் வேகம்: சுமார் 140 முதல் 170. ஒளியை மின் சைகையாக மாற்றக் கண் எடுத்துக்கொள்ளும் நேரத்தைவிடக் காது எடுத்துக்கொள்ளும் நேரம் குறைவு, அதுதான் காரணம்.

இதை எல்லோரும் ரிஃப்ளெக்ஸ் என்கிறார்கள். பேச்சு வழக்கில் சரி. ஆனால் உண்மையான ரிஃப்ளெக்ஸ், அதாவது அனிச்சைச் செயல், சூடான தோசைக்கல்லில் விரல் பட்டதும் வெடுக்கென்று இழுத்துக்கொள்கிறீர்களே, அது. அங்கே மூளையின் உத்தரவுக்குக் காத்திருக்காமல் தண்டுவடமே வேலையை முடித்துவிடும். எதிரியைப் பார்த்துச் சுடுவது அப்படியல்ல. கண் பார்க்க வேண்டும், மூளை அடையாளம் காண வேண்டும், முடிவெடுக்க வேண்டும், பிறகுதான் விரலுக்குச் செய்தி போகும். மூளையிலிருந்து விரல் தசை வரை போய்ச்சேரவே சுமார் 20 மி.செ. ஆகிறது.

விளையாட்டுக்குள்ளும் அதே 200தானா?

இல்லை, கூடும். பச்சை வந்தால் அழுத்து என்பது ஒரு வேலை. வந்தது எதிரியா நம்ம ஆளா, சுடுவதா ஒளிவதா என்பது வேறு வேலை. ஹாலந்து நாட்டு ஆய்வாளர் டான்டர்ஸ் 1868லேயே இதைச் சோதித்துக் காட்டினார்: தேர்வு செய்ய வேண்டி வந்தால் அந்தத் தேர்வுக்கென்று தனியாக நேரம் ஆகிறது. தேர்வுகள் கூடக்கூட நேரமும் எப்படிக் கூடுகிறது என்பதை 1952இல் ஹிக் என்பவர் ஒரு சூத்திரமாகவே எழுதினார். ஆகவே சோதனையில் 190 அடிப்பவர் ஆட்டத்தில் 300ஐத் தாண்டினால் அதிசயம் ஒன்றுமில்லை.

நான் 90 மி.செ. அடித்தேன். நம்பலாமா?

முன்கூட்டியே அழுத்தியிருப்பீர்கள். தடகளத்தில் துப்பாக்கிச் சத்தம் கேட்டு 100 மி.செ.க்குள் ஒருவர் கிளம்பினால் அதைத் தவறான புறப்பாடு என்றே விதி சொல்கிறது. 2022இல் யூஜினில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில், 110 மீட்டர் தடை ஓட்ட இறுதிப் போட்டியில் அமெரிக்காவின் டெவன் ஆலன் 0.099 செகண்டில் கிளம்பியதால் வெளியேற்றப்பட்டார். ஆயிரத்தில் ஒரு பங்கு! அந்த விதி நியாயமா என்று இன்றும் சண்டை நடக்கிறது. எது எப்படியோ, அங்கே சத்தம், அதுவும் உலகத்தரமான உடம்பு. உங்களுடையது திரையும் மவுஸும்.

ஒரே சோதனையில் கம்ப்யூட்டரில் 185, போனில் 240 வருகிறது. எது நிஜம்?

இரண்டும் நிஜமில்லை. இணையத்தில் இருக்கும் எந்தச் சோதனையும் உங்களை மட்டும் அளப்பதில்லை. உங்களோடு மானிட்டர், மவுஸ், பிரவுசர் எல்லாவற்றையும் சேர்த்து அளக்கிறது. வித்தியாசமான அந்த 55 மி.செ. பெரும்பாலும் கருவிகளின் கணக்கு.

கருவியே இல்லாமல் அளக்க வேண்டுமென்றால் பள்ளிக்கூட ஸ்கேல் போதும். 30 செ.மீ. ஸ்கேலை நண்பர் மேல்நுனியில் பிடித்துத் தொங்கவிடட்டும். உங்கள் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பூஜ்யத்துக்கு இருபுறமும் தொடாமல் நிற்கட்டும். அவர் சொல்லாமல் விட வேண்டும், நீங்கள் பிடிக்க வேண்டும். 15 செ.மீ.யில் பிடித்தால் 175 மி.செ., 20 செ.மீ. என்றால் 202, 30 செ.மீ. என்றால் 247. புவியீர்ப்பில் லேக் கிடையாது. ஒரு தடவை பிடித்துவிட்டுத் துள்ள வேண்டாம், பத்து தடவை செய்து சராசரி எடுங்கள்.

க்ளிக் செய்ததிலிருந்து திரையில் தெரிவது வரை நடுவில் என்னதான் நடக்கிறது?

இதைப் புரிந்துகொண்டால் பாதிக் கேள்விகள் தானாகவே தீர்ந்துவிடும், அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

விரல் அழுத்தியதும் மவுஸ் சுவிட்சின் உலோகத் தகடு ஒருமுறை தொட்டு நிற்பதில்லை, துள்ளும். அந்தத் துள்ளலை இரண்டாவது க்ளிக் என்று எண்ணிவிடாமலிருக்க, சில மவுஸ்களும் கீபோர்டுகளும் சில மி.செ. பொறுத்துப் பார்க்கும். அப்புறம் கம்ப்யூட்டர் வந்து கேட்கும்வரை செய்தி காத்திருக்கும். பழைய ஆபீஸ் மவுஸிடம் செகண்டுக்கு 125 முறை கேட்கும், அதாவது 8 மி.செ.க்கு ஒருமுறை. கேமிங் மவுஸிடம் 1000 முறை.

அடுத்து கேம். அது ஒவ்வொரு ஃபிரேமின், அதாவது தான் வரையும் ஒவ்வொரு படத்தின், தொடக்கத்திலும்தான் "யாராவது அழுத்தினார்களா?" என்று பார்க்கும். அப்போதுதான் கதவு சாத்தியிருந்தால் அடுத்த ஃபிரேம்வரை வாசலில் நிற்க வேண்டியதுதான். பிறகு பிராசஸர் கணக்குப் போட்டு, வரைய வேண்டியதை கிராஃபிக்ஸ் கார்டுக்கு அனுப்பும். கார்டு மூச்சுத் திணற ஓடிக்கொண்டிருந்தால் அங்கே வரிசை நீளும். வரிசையில் இரண்டு ஃபிரேம் நின்றால் நீங்கள் பார்ப்பது இரண்டு ஃபிரேம் பழைய உலகம். பெரும்பாலான வீடுகளில் நேரத்தை ரொம்பத் தின்பது இந்த வரிசைதான், ஆனால் யாரும் அதைச் சந்தேகப்படுவதில்லை.

கடைசியில் மானிட்டர். அது படத்தை ஒரே அடியில் காட்டாது, மேலிருந்து கீழாக வரி வரியாக எழுதும். 60 ஹெர்ட்ஸில், அதாவது செகண்டுக்கு 60 படம் என்றால், ஒரு முழுப் படத்துக்கு 16.7 மி.செ. ஆகும். உங்கள் குறி நடுத்திரையில் இருப்பதால், மேல் ஓரத்தைவிட அங்கே சுமார் 8 மி.செ. தாமதமாகவே படம் வந்து சேரும்.

என் சிஸ்டத்தின் லேக்கை நானே அளக்கலாமா?

தாராளமாக. போன் கேமராவில் செகண்டுக்கு 240 படம் எடுக்கும் ஸ்லோமோஷன் இருந்தால் போதும். மவுஸும் திரையும் ஒரே சட்டத்துக்குள் விழும்படி போனைப் புத்தகங்களுக்கு நடுவே சொருகி வையுங்கள். கேமில் ஒரு சுவரைப் பார்த்துச் சுடுங்கள். வீடியோவை ஒவ்வொரு படமாக நகர்த்தி, விரல் முழுதாகக் கீழே போன படத்திலிருந்து துப்பாக்கி முனையில் நெருப்பு தெரியும் படம் வரை எண்ணுங்கள். ஒரு படம் 4.17 மி.செ. சில போன்கள் 960 என்று சொல்லிவிட்டு நடுவில் படங்களைத் தாமாகவே கற்பனை செய்து நிரப்பும். அந்த மோடில் அளக்காதீர்கள்.

என் கடையிலேயே செய்து பார்த்தேன். பில் போடும் கம்ப்யூட்டரில், 60 ஹெர்ட்ஸ், வி-சிங்க் (ஃபிரேம்களை மானிட்டரின் வேகத்தோடு ஒத்துப்போக வைக்கும் செட்டிங்) ஆன்: 22 படம், அதாவது 92 மி.செ. பக்கத்து மேஜையில் 144 ஹெர்ட்ஸ், வி-சிங்க் ஆஃப்: 7 படம், 29 மி.செ. அதே நான், அதே விரல். பில் கம்ப்யூட்டரில் வி-சிங்க்கை மட்டும் எடுத்துவிட்டபோது 22 என்பது 13 ஆனது. செலவு பூஜ்யம்.

அப்படியானால் வி-சிங்க்கை எடுத்துவிடலாமா? ரிஃப்ளெக்ஸ் என்று ஒரு செட்டிங் இருக்கிறதே?

போட்டி ஆட்டத்தில் எடுத்துவிடுங்கள். படம் கிழிந்தாற்போலத் தெரிவதைத் தடுக்க வி-சிங்க் ஃபிரேம்களைப் பிடித்து வைக்கிறது, அதுவே தாமதம்.

கிராஃபிக்ஸ் கார்டு நிறுவனமான என்விடியா 2020இல் கொண்டுவந்த ரிஃப்ளெக்ஸ் செட்டிங், நான் மேலே சொன்ன வரிசையை நீளவிடாமல் பார்த்துக்கொள்கிறது. கேமில் இருந்தால் ஆன் செய்யுங்கள், யோசிக்கவே வேண்டாம். இல்லாத கேமில் ஃபிரேம் எண்ணிக்கைக்கு ஒரு வரம்பு வைத்து, கிராஃபிக்ஸ் கார்டு 99 சதவீதத்தில் முட்டி நிற்காமல் கொஞ்சம் மூச்சுவிடும்படி செய்தால் கிட்டத்தட்ட அதே பலன். போட்டி நிறுவனமான ஏஎம்டியிலும் இதே வேலைக்கு ஆன்டி-லேக் உண்டு. 2023 அக்டோபரில் அதன் பிளஸ் வடிவத்தை ஆன் செய்தவர்கள் கவுன்டர்-ஸ்ட்ரைக் 2 என்ற துப்பாக்கி கேமில் ஏமாற்றுக்காரர்களாகக் கருதப்பட்டுத் தடை வாங்கினார்கள். கேமின் உள்ளே அது கைவைத்த விதம் அப்படி. ஏஎம்டி அதைத் திரும்பப் பெற்றது, தடைகளும் நீங்கின. ஆகவே கேமுக்குள்ளேயே இருக்கும் செட்டிங்கை நம்புங்கள், வெளியிலிருந்து திணிக்கும் வித்தைகளை அல்ல.

60இலிருந்து 144க்கு, 144இலிருந்து 240க்கு, அதற்கு மேல்... எங்கே நிறுத்துவது?

எண்களைப் பாருங்கள். ஒரு படத்துக்கு 60 ஹெர்ட்ஸில் 16.7 மி.செ., 144இல் 6.9, 240இல் 4.2, 360இல் 2.8. முதல் தாவலில் மிச்சம் கிட்டத்தட்ட 10. இரண்டாவதில் 3 கூட இல்லை. மூன்றாவதில் ஒன்றரை. விலை மட்டும் எதிர்த்திசையில் தாவுகிறது. 60இலிருந்து 144க்குப் போனவர்கள் திரும்பி வர மாட்டார்கள். அதற்கு மேலே வாங்குவது, உங்கள் கம்ப்யூட்டர் அத்தனை ஃபிரேமைத் தருமா என்பதைப் பொறுத்தது. 110 ஃபிரேம் தரும் சிஸ்டத்துக்கு 360 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்குவது சைக்கிளுக்கு ரேஸ் டயர் மாட்டுவதுபோல.

ஒரு விஷயம். 144 வாங்கி மாட்டியதும் விண்டோஸ் சில சமயம் 60லேயே நின்றுவிடும். டிஸ்பிளே செட்டிங்ஸில் போய் நாமே மாற்ற வேண்டும். ஒரு தம்பி எட்டு மாதம் 60இல் விளையாடிவிட்டு "ஹெர்ட்ஸ் எல்லாம் ஏமாத்து வேலைண்ணா" என்று சொல்லிக்கொண்டு வந்தான். அந்த சிஸ்டத்தை அசெம்பிள் செய்து கொடுத்தவன் நான்தான். அன்று டீ என் செலவு.

பெட்டியில் "1 மி.செ." என்று போட்டிருக்கிறதே?

அது ஒரு புள்ளி தன் நிறத்தை மாற்ற எடுக்கும் நேரம், அதுவும் ஆகச் சாதகமான செட்டிங்கில். மங்கல் எவ்வளவு தெரியும் என்பதைச் சொல்லுமே தவிர, படம் எவ்வளவு தாமதமாக வரும் என்பதைச் சொல்லாது. டிவியை மானிட்டராக வைத்திருப்பவர்கள் மறக்காமல் கேம் மோடை ஆன் செய்யுங்கள். இல்லாவிட்டால் படத்தை அழகுபடுத்துகிறேன் என்று பல டிவிகள் 50 மி.செ.க்கு மேலும் விழுங்கும். 2001இல் வந்த சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் மெலீ என்ற சண்டை கேம் ஆடுகிறவர்கள் இன்றும் பழைய குண்டு டிவிகளைத் தூக்கிக்கொண்டு போட்டிக்குப் போவது ஏக்கத்தினால் அல்ல. அந்த டிவிகள் வந்த சிக்னலை அப்படியே திரையில் எறிந்துவிடும்.

8000 ஹெர்ட்ஸ் மவுஸ்?

கம்ப்யூட்டர் மவுஸிடம் செகண்டுக்கு எத்தனை முறை கேட்கிறது என்ற அதே எண்தான் இது: 1000த்தில் 1 மி.செ., 8000த்தில் 0.125. மிச்சம் ஒன்றுக்கும் குறைவு, பிராசஸருக்கோ கூடுதல் பாரம். பணத்தை வையுங்கள். வயர்லெஸ் பற்றிய பயமும் பழசு. தனி ரிசீவரோடு வரும் நல்ல 2.4 கிகாஹெர்ட்ஸ் மவுஸ் வயருக்குச் சமம். ப்ளூடூத்தில் ஓட்டாதீர்கள், அவ்வளவுதான்.

கண் இமைக்கவே 100 மி.செ.க்கு மேல் ஆகும்போது 10 மி.செ. ஒரு பொருட்டா?

நல்ல கேள்வி. பத்து மி.செ.ஐ உங்களால் உணர முடியாமல் இருக்கலாம். ஆனால் ஓட்டப்பந்தயத்தில் முதலிடம் போவதை உணர வேண்டியதில்லையே, முந்தினால் போதும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இருவருக்கும் சராசரி 220 மி.செ. என்று வையுங்கள். மனிதர் எந்திரமல்ல, ஒவ்வொரு முறையும் முன்பின் ஆகும். அந்த ஏற்ற இறக்கத்தின் திட்ட விலக்கம், அதாவது சராசரியிலிருந்து வழக்கமாக விலகும் அளவு, 25 என்று கொள்வோம். கருவிகள் சமமென்றால் யார் முந்துவார் என்பது பாதிக்குப் பாதி. ஒருவரின் சிஸ்டம் மட்டும் 10 மி.செ. வேகம் என்றால் அவர் நூற்றில் சுமார் 61 முறை முந்துவார். 1 மி.செ. மட்டும் வேகமென்றால் 51. முன் சொன்ன 8000 ஹெர்ட்ஸ் மவுஸை நான் ஏன் ஒதுக்கினேன் என்பது இப்போது புரியும்.

இந்தக் கணக்கு இருவரும் ஒரே நொடியில் ஒருவரையொருவர் பார்க்கும் மோதலுக்கு மட்டும். நிஜ ஆட்டத்தில் அப்படிப்பட்ட மோதல்கள் குறைவு.

பிங் எவ்வளவு இருந்தால் நல்லது?

பிங் என்பது செய்தி உங்களிடமிருந்து கேம் சர்வருக்குப் போய்வர ஆகும் நேரம். முதலில் இயற்கையின் எல்லை. கண்ணாடி இழையில் ஒளி செகண்டுக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. போகும். சென்னையிலிருந்து மும்பை நேர்க்கோட்டில் ஆயிரம் கி.மீ. சொச்சம். போய்வர 10 மி.செ.க்குக் கீழே யாராலும் இறக்க முடியாது, எந்த பிளான் போட்டாலும். கேபிள் நேர்க்கோட்டில் போவதில்லை, நடுவில் ரவுட்டர்கள் வேறு. வாலரன்ட் என்ற துப்பாக்கி கேமின் இந்திய சர்வர் மும்பையில். கவுன்டர்-ஸ்ட்ரைக்குக்கு வால்வ் நிறுவனம் சென்னையிலேயே சர்வர் வைத்திருப்பதால் அதில் நமக்குக் கொஞ்சம் சுகம். சிங்கப்பூர் சர்வரென்றால் கிட்டத்தட்ட 2,900 கி.மீ. கடல், குறைந்தபட்சம் 29.

அதைவிட முக்கியம் பிங் ஒரே மாதிரி நிற்பது. நிலையாக 60 இருந்தால் மூளை நாலு ஆட்டத்தில் பழகிக்கொள்ளும். 25, 90, 30, 140 என்று குதித்தால் எதற்குப் பழகுவது? வைஃபையை விட்டு கேபிள் போடுங்கள். வீட்டில் யாருடைய போனாவது மூவாயிரம் கல்யாணப் போட்டோவை மேலே ஏற்றிக்கொண்டிருந்தாலும் பிங் எகிறும்.

நான் சுவருக்குப் பின்னால் வந்துவிட்டேன், அப்புறமும் செத்துப்போகிறேன். மூலையில் காத்திருந்தாலும் எட்டிப் பார்ப்பவனே ஜெயிக்கிறான். இது நியாயமா?

இரண்டுக்கும் ஒரே வேர்: உங்கள் திரையும் எதிரியின் திரையும் ஒரே நேரத்தைக் காட்டுவதில்லை.

எட்டிப் பார்ப்பவர் தன் திரையில் உடனே நகர்ந்துவிடுகிறார். அந்தச் செய்தி சர்வருக்குப் போய், சர்வரின் அடுத்த துடிப்புவரை (அது அடுத்த முறை கணக்குப் போடும்வரை) நின்று, உங்களிடம் வந்து, உங்கள் கேம் அதை வழுவழுப்பாகக் காட்டுவதற்காக இன்னும் கொஞ்சம் பிடித்துவைத்து, அதன் பிறகே உங்கள் கண்ணுக்கு. இருவருக்கும் பிங் 35 என்றால் பாதையில் மட்டும் 35 போகும். செகண்டுக்கு 128 முறை துடிக்கும் வாலரன்ட் சர்வரில் அதிகபட்சம் 8 சேரும், கேம் பிடித்துவைப்பது தனி. ஆக, நீங்கள் அவரைப் பார்க்கும் முன்பே அவர் உங்களைச் சுமார் 40, 50 மி.செ. பார்த்துவிட்டார். நல்ல மானிட்டரால் கிடைக்கும் லாபத்தையெல்லாம் இது ஒரே வாயில் விழுங்கிவிடும்.

சுவருக்குப் பின்னால் சாவது இதன் மறுபக்கம். எதிரி சுட்ட நொடியில் அவர் திரையில் நீங்கள் வெளியேதான் இருந்தீர்கள். சர்வர் காலத்தைக் கொஞ்சம் பின்னோக்கிச் சுற்றிப் பார்த்து "ஆமாம், பட்டது" என்கிறது. இந்த ஏற்பாட்டை ஹாஃப்-லைஃப் கேம் காலத்திலேயே வால்வ் செய்துவிட்டது. இல்லாவிட்டால் ஓடுகிறவனுக்கு முன்னால் ஒரு முழம் தள்ளிச் சுட வேண்டியிருக்கும். பிரவுசிங் சென்டரில் ஒரே ரூமில் எட்டு பேர் கவுன்டர்-ஸ்ட்ரைக் 1.6 ஆடிய நாட்களில் இந்தச் சண்டை அவ்வளவாக இல்லை. கேபிள் நீளமே பத்து மீட்டர்தான்.

நியாயமா என்றால், இரண்டு அநியாயங்களில் சிறியதைத் தேர்ந்திருக்கிறார்கள். செய்ய வேண்டியது: ஒரே மூலையில் அசையாமல் காத்திருக்காதீர்கள், ஒரு சுடு சுட்டுவிட்டு இடம் மாறுங்கள்.

பி.ஜி.எம்.ஐ. (பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா) கேமை மொபைலில்தான் ஆடுகிறேன். எனக்கு இதில் என்ன?

திரை எத்தனை ஹெர்ட்ஸ் என்பதோடு, விரலை எத்தனை முறை தேடுகிறது என்ற தொடு வேகமும் உண்டு. இரண்டும் வேறு வேறு எண்கள், விளம்பரத்தில் பெரியதைப் போடுவார்கள். போன் சூடானால் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், மே மாத மதியத்தில் இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் மொபைல் ஆட்களின் பெரிய ஓட்டை காதில் இருக்கிறது. சாதாரண ப்ளூடூத் இயர்பட்ஸ் சத்தத்தை 100 முதல் 200 மி.செ. தாமதமாகத் தரும். காலடிச் சத்தத்தை வைத்துத்தான் எதிரி எந்தப் பக்கம் என்று பார்க்கிறீர்கள். கண்ணைவிடக் காது வேகம் என்று ஆரம்பத்தில் சொன்ன லாபம் முழுக்க அங்கேயே கரைந்துபோகும். கேம் மோட் இருந்தால் ஆன் செய்யுங்கள். முன்னூறு ரூபாய் வயர் இயர்போன் அதைவிட மேல்.

ப்ரோ பிளேயர்களுக்கு ரியாக்‌ஷன் டைம் 100 இருக்குமா?

இருக்காது. எளிய சோதனையில் நம்மைவிடச் சில பத்து மி.செ. முந்துவார்கள், அவ்வளவே. அவர்களுடைய வேகம் வேறு இடத்தில் இருக்கிறது.

கிரிக்கெட்டைப் பாருங்கள். 145 கி.மீ. வேகப் பந்து கையைவிட்டு பேட்டை எட்ட அரை செகண்டுக்கும் குறைவு. 2000இல் லேண்ட், மெக்லியாட் என்ற இரு ஆய்வாளர்கள், கண் எங்கே பார்க்கிறது என்பதைப் பதியும் கேமராவை பேட்ஸ்மேன்களின் தலையில் பொருத்திப் பார்த்தார்கள். அவர்கள் பந்தைத் தொடர்ந்து பார்த்துக்கொண்டே இருக்கவில்லை. கையிலிருந்து கிளம்புவதைப் பார்த்ததும் பிட்ச்சில் அது குத்தப்போகும் இடத்துக்குக் கண் தாவி, அங்கே பந்துக்காகக் காத்திருந்தது. நல்ல பேட்ஸ்மேனின் கண் சீக்கிரமே தாவியது.

கேமிலும் அதுதான். எதிரியின் தலை வரப்போகும் உயரத்தில், வரப்போகும் ஓரத்தில் குறியை முன்பே வைத்திருப்பவருக்கு மவுஸை நகர்த்தும் வேலையே இல்லை, அழுத்தினால் போதும். 2004இல் ஈவோ என்ற சண்டை கேம் போட்டியில் ஜப்பானின் டைகோ உமெஹாரா, ஜஸ்டின் வாங்கின் 15 அடி கொண்ட சூப்பர் தாக்குதலை ஒவ்வொன்றாகத் தடுத்துத் திருப்பி அடித்தாரே, அதில் முதல் அடியைப் பார்த்துவிட்டுத் தடுக்க நேரம் கிடையாது. வாங் இப்போது இதைத்தான் போடுவார் என்று தெரிந்து முன்கூட்டியே தயாராக நின்றார்.

எனக்கு வயது 27. லேட்டாகிவிட்டதா?

2014இல் வந்த ஒரு கனடா ஆய்வு 16 முதல் 44 வயது வரையிலான 3,305 ஸ்டார்கிராஃப்ட் 2 ஆட்டக்காரர்களின் பதிவுகளை அலசியது. புதிய இடத்தைப் பார்த்ததும் செயல்பட எடுக்கும் நேரம் 24 வயதிலிருந்தே மெல்லக் கூடுகிறது என்று கண்டார்கள். பலர் இதோடு படிப்பதை நிறுத்திவிட்டுப் பயந்துபோகிறார்கள். மூத்தவர்கள் குறுக்குவழிக் கட்டளைகளைக் கூடுதலாகப் பயன்படுத்தி அதை ஈடுகட்டுகிறார்கள் என்பதும் அதே ஆய்வில்தான் இருக்கிறது. 1996இல் பிறந்த கொரிய ப்ரோ பிளேயர் ஃபேக்கர் 2023, 2024, 2025 என்று வரிசையாக மூன்று லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் உலகக் கோப்பை ஜெயித்தார். 27 வயதில் தொடங்கி.

காபி, தூக்கம்?

தூக்கம் கெட்டவருக்குக் காபி கைகொடுக்கும். நன்றாகத் தூங்கியவருக்கு அதன் லாபம் சிறியது. 17 முதல் 19 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவர், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் உள்ளவரைப்போல அல்லது அதைவிட மோசமாகத் தடுமாறுகிறார் என்று 2000இல் ஓர் ஆய்வு காட்டியது. காலை ஏழு மணிக்கு எழுந்து இரவு ஒரு மணிக்கு ரேங்க் ஏற்ற உட்காருகிறவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

ஏசி ரூமில் முதல் இரண்டு ஆட்டம் எப்போதும் சொதப்புகிறது. பிரமையா?

பிரமையில்லை. விரல் குளிர்ந்தால் நரம்பில் செய்தி போகும் வேகமும் தசை இழுக்கும் வேகமும் நிஜமாகவே குறையும். கொரியாவில் ப்ரோக்கள் ஆட்டத்துக்கு நடுவே சூடு தரும் சிறு பொட்டலத்தைக் கைக்குள் வைத்து அழுத்திக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நமக்கு ஏசியை 26இல் வைத்து, சூடான டீ டம்ளரை இரண்டு நிமிஷம் கையில் பிடித்தால் போதும். குடிப்பது உங்கள் இஷ்டம்.